ஃபோர்ட் ராபின்சன்: ஒரு கோட்டை பூங்காவான கதை

(நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில், சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரை. கேட்க வர இயலாதவர்களுக்காக இங்கே.)

முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கும், சுண்டல் வரும் என்று நம்பிப் பின்வரிசையில் காத்திருக்கும் இளைஞர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்குப் பிறகு பார்க்கிங் விஷயம் பேசப்போகிறார்கள் என்று செயலாளர் ஏற்கெனவே எச்சரித்துவிட்டார். எனவே நேரத்துக்குள் முடித்துவிடுவேன்.

நம்மில் பாதி வீடுகளில் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். ஆறு மாத விசாவில் போகிறோம். நயாகரா, சுதந்திர தேவி சிலை, லாஸ் வேகாஸ், ஒரு கோயில், ஒரு காஸ்ட்கோ. இவ்வளவுதான் நம் அமெரிக்கா. போன கோடையில் டென்வரில் மகள் வீட்டில் இருந்தபோது, மாப்பிள்ளை வடக்கே காரை ஓட்டிக்கொண்டு போய் நெப்ராஸ்கா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் ஓர் இடத்தில் நிறுத்தினார். ஃபோர்ட் ராபின்சன். இரண்டு இரவு தங்கினோம். திரும்பி வந்த பிறகு அதைப் பற்றி நிறையப் படித்தேன். இன்று சொல்லப்போவது பெரும்பாலும் அந்தப் படிப்பிலிருந்துதான்.

கோட்டை என்றதும் செஞ்சியை நினைத்துவிடாதீர்கள். மதில் இல்லை, அகழி இல்லை, பீரங்கி மேடையும் இல்லை. அமெரிக்காவின் மேற்கு எல்லையில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கோட்டைகள் பலவும் இப்படித்தான். நடுவில் ஒரு பெரிய புல்வெளி, அதுதான் அணிவகுப்பு மைதானம். ஒரு பக்கம் அதிகாரிகளின் வீடுகள், எதிர்ப்பக்கம் சிப்பாய்களின் நீண்ட கொட்டடிகள், தள்ளிக் குதிரை லாயங்கள். பார்ப்பதற்கு நம் ஊர் ரயில்வே காலனி மாதிரி இருக்கும். பின்னணியில் மட்டும் வெளுத்த மண்பாறைக் குன்றுகளும் பைன் மரங்களும். பக்கத்தில் வைட் ரிவர் என்ற சிற்றாறு.

மதில் இல்லாத இடத்துக்கு எப்படிக் கோட்டை என்று பெயர் வந்தது? என் கருத்து, அதன் மதில் தானியக் கிடங்கில் இருந்தது என்பது. இதை விளக்கினால்தான் மற்றது புரியும்.

1868இல் அமெரிக்க அரசு லக்கோட்டா மக்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. பெரும் நிலப்பரப்பு உங்களுக்கு, அதில் வெள்ளையர் நுழையமாட்டார்கள். நீங்கள் வேட்டையை விட்டு ஓரிடத்தில் அமருங்கள், மாவும் மாட்டிறைச்சியும் துணியும் நாங்கள் தருகிறோம் என்று. அந்த ரேஷனைக் கொடுக்கும் அலுவலகத்துக்கு 'ஏஜென்சி' என்று பெயர். ரெட் கிளவுட் என்ற லக்கோட்டாத் தலைவரின் பெயரில் இருந்த ஏஜென்சி 1873இல் வைட் ரிவர் கரைக்கு வந்தது. அங்கே ஆயிரக்கணக்கான பேர் கூடினார்கள். காட்டெருமைக் கூட்டங்கள் வேகமாக அழிந்துகொண்டிருந்த காலம் அது. வேட்டை போனால் ரேஷன்தான் கதி என்ற நிலை. 1874 பிப்ரவரியில் ஏஜென்சி அலுவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே ராணுவம் வந்து முகாம் போட்டது. அதுதான் கேம்ப் ராபின்சன். 1878இல் ஃபோர்ட் ராபின்சன் ஆனது. லெவி ராபின்சன் என்பவர் ஒரு லெப்டினன்ட். அதே பிப்ரவரியில், வயோமிங்கில், வேறோர் இடத்தில் கொல்லப்பட்டவர். தன் பெயரில் உள்ள கோட்டையை அவர் பார்த்ததே இல்லை.

அதே 1874இல், ஒப்பந்தப்படி லக்கோட்டாக்களுக்கு உரிய பிளாக் ஹில்ஸ் மலைகளில் தங்கம் இருப்பதாகக் கஸ்டரின் படை செய்தி கொண்டுவந்தது. மறு ஆண்டு வாஷிங்டனிலிருந்து ஒரு குழு இந்த ஏஜென்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மலைகளை 60 லட்சம் டாலருக்குக் கேட்டது. அவர்கள் தரவில்லை. 1876 ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் கஸ்டர் படையோடு அழிந்தார். அதன்பின் அரசு கேட்ட விதம் மாறியது: கையெழுத்துப் போடாவிட்டால் ரேஷன் இல்லை. அந்தச் செப்டம்பரில் இதே ஏஜென்சியில் தலைவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த மலைகளை எடுத்தது சட்டப்படி ஈடு கொடுக்க வேண்டிய பறிப்பு என்று தீர்ப்பளித்து, வட்டியோடு பத்துக் கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. லக்கோட்டாக்கள் இன்றுவரை அந்தப் பணத்தைத் தொடவில்லை. எங்களுக்கு மலைதான் வேண்டும் என்கிறார்கள். நம் வீட்டில் பாகப்பிரிவினை வழக்கு நடத்தியவர்களுக்கு இந்தப் பிடிவாதம் புரியும்.

இப்போது அந்தப் புல்வெளிக்கு வருவோம். இரண்டு சம்பவங்கள். இரண்டும் ஒன்றரை ஆண்டு இடைவெளிக்குள், கூப்பிடு தூரத்தில் நடந்தவை.

முதலாவது, கிரேசி ஹார்ஸ். கஸ்டரை வென்றவர்களில் முதன்மையானவர். உறுதியாக அவருடையது என்று சொல்லக்கூடிய ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. 1877 மே 6ஆம் தேதி ஏறத்தாழ 900 பேரோடு இங்கே வந்து சரணடைந்தார். காரணம், சோறுதான். குளிர்காலம் முழுக்கப் படைகள் துரத்தின, வேட்டை கிடைக்கவில்லை, குழந்தைகள் பட்டினி. நான்கு மாதத்தில் அவரைப் பற்றி வதந்திகள் கிளம்பின, மறுபடி போருக்குப் போகப்போகிறார் என்று. செப்டம்பர் 5ஆம் தேதி, பேசிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் அவரை அழைத்துவந்தார்கள். கூட்டிப்போன அறை காவல்கூடம் என்று உள்ளே கால் வைத்தபிறகே தெரிந்தது. திமிறினார். ஒரு காலத்தில் அவரோடு சண்டைக்குப் போன லிட்டில் பிக் மேன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு சிப்பாயின் துப்பாக்கிக் கத்தி பாய்ந்தது. பக்கத்து அலுவலக அறைக்குத் தூக்கிப்போனார்கள். கட்டிலில் படுக்க மறுத்து, தரையில் கிடந்து, அன்றிரவே இறந்தார். அப்பா பக்கத்தில் இருந்தார். உடலைப் பெற்றோர் கொண்டுபோனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று வெளியாள் யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. தெரிந்திருந்தால் அங்கே ஒரு டிக்கெட் கவுன்டர் வந்திருக்கும்.

இரண்டாவது சம்பவம் அவ்வளவு பிரபலம் இல்லை. ஆனால் எனக்கு இரவு தூக்கம் வராமல் செய்தது இதுதான்.

வடக்கு ஷையான் என்று ஒரு மக்கள். அவர்கள் ஊர் இன்றைய மாண்டானாப் பக்கம். 1877இல் சரணடைந்ததும் அவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேரை ஆயிரம் மைலுக்கு அப்பால், தெற்கே இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். குளிர் நாட்டு மக்கள் வெக்கை நிலத்துக்குப் போனார்கள். மலேரியா, அம்மை, போதாத ரேஷன். ஓர் ஆண்டுக்குள் பலர் செத்தார்கள். 1878 செப்டம்பரில் 300க்கும் மேற்பட்டோர் ஓர் இரவில் கிளம்பி வடக்கே நடந்தார்கள். தலைவர்கள் இருவர்: லிட்டில் வுல்ஃப், டல் நைஃப். டல் நைஃபின் ஷையான் பெயருக்கு விடிவெள்ளி என்று பொருள். 'மொட்டைக் கத்தி' என்ற பட்டப்பெயர் அடுத்த இனத்தார் வைத்தது. வரலாற்றில் அதுதான் நின்றுவிட்டது.

வழியெல்லாம் படைகள் துரத்தின. கான்சாஸில் ஷையான் இளைஞர்கள் குடியேறிகளின் பண்ணைகளைத் தாக்கினார்கள். பொதுமக்கள் சுமார் 40 பேர் இறந்தார்கள். இதை மறைத்துச் சொல்பவர்கள் உண்டு. நான் மறைக்கவில்லை. நெப்ராஸ்காவில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. லிட்டில் வுல்ஃப் மணற்குன்றுகளில் குளிர்காலத்தை ஒளிந்து கழித்தார். டல் நைஃபோடு வந்த 149 பேரை அக்டோபர் பனிப்புயலில் குதிரைப்படை சூழ்ந்து ஃபோர்ட் ராபின்சனுக்குக் கொண்டுவந்து ஒரு கொட்டடியில் வைத்தது. பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னபோது, பெண்கள் சில துப்பாக்கிகளை ஆடைக்குள் மறைத்தார்கள். சிலவற்றைக் கழற்றி, சின்ன உறுப்புகளைக் குழந்தைகளின் மேல் அணிகலன் போலத் தொங்கவிட்டார்கள். பிறகு எல்லாம் தரைப்பலகைக்கு அடியில் போயின.

வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது: மறுபடி தெற்கே அனுப்பு. நடுக்குளிரில். அவர்கள் சொன்ன பதில் எளிமையானது. அங்கே போனால் சாவோம், இங்கேயே செத்துக்கொள்கிறோம். கோட்டைத் தளபதி கேப்டன் வெஸ்ஸல்ஸ் 1879 ஜனவரி முதல் வாரத்தில் அவர்களுக்கு உணவையும் விறகையும் நிறுத்தினார். பிறகு தண்ணீரையும். ஜன்னல் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டி நாக்கை நனைத்துக்கொண்டார்கள். இப்போது சொல்லுங்கள், கிடங்குதான் மதில் என்றேனே, சரிதானே?

ஜனவரி 9 இரவு. உறைநிலைக்கு வெகு கீழே குளிர். தரைப்பலகையைப் பெயர்த்துத் துப்பாக்கிகளை எடுத்துப் பூட்டினார்கள். காவலர்களைச் சுட்டுவிட்டு ஜன்னல்கள் வழியாக வெளியே குதித்தார்கள். வெண்பனி, நிலவு வெளிச்சம். ஓடுகிறவர்கள் கரிக்கோடு போல் தெரிந்திருப்பார்கள். ஆற்றைக் கடந்து குன்றுகளை நோக்கி ஓடினார்கள். தாகத்தில் ஆற்றங்கரையில் நின்று குடித்தவர்கள் அங்கேயே சுடப்பட்டார்கள். தப்பியவர்களைப் பதிமூன்று நாள் துரத்தினார்கள். கடைசியில் ஜனவரி 22ஆம் தேதி, ஆன்டலோப் க்ரீக் என்ற ஓடையருகே ஒரு பள்ளத்தில் பதுங்கியிருந்தவர்களைச் சூழ்ந்து சுட்டார்கள். மொத்தம் 64 ஷையான்கள், 11 ராணுவத்தினர் இறந்ததாகக் கணக்கு. டல் நைஃப் மட்டும் குடும்பத்தில் சிலரோடு பாறை இடுக்கில் ஒளிந்து, இரவில் மட்டும் நடந்து, பைன் ரிட்ஜ் என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். வழியில் மரப்பட்டையையும் காலணித் தோலையும் தின்றார்களாம்.

பத்திரிகைகளில் செய்தி வந்ததும் கிழக்கு மாநிலங்களில் கண்டனம் எழுந்தது. கான்சாஸ் கொலைகளுக்காக விசாரணைக்குக் கொண்டுபோன ஷையான்கள் மீதான வழக்கு அதே ஆண்டு கைவிடப்பட்டது. 1884இல் மாண்டானாவில் அவர்களுக்கென்று ஒரு நிலப்பகுதி ஒதுக்கப்பட்டது. இன்றும் அங்கேதான் வாழ்கிறார்கள். கேட்டதைக் கடைசியில் கொடுத்துவிட்டார்கள். டல் நைஃப் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

இதற்குப் பிந்தைய கோட்டை வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1885இல் 9ஆம் குதிரைப்படை வந்தது. கறுப்பினச் சிப்பாய்களின் படை. அடிமை முறையிலிருந்து விடுபட்ட ஒரு தலைமுறையின் பிள்ளைகள், இன்னோர் இனத்தைக் காவல் காக்க அனுப்பப்பட்டார்கள். அது தனியாக ஒரு கூட்டத்துக்கான விஷயம். மஞ்சள் காய்ச்சல் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற டாக்டர் வால்டர் ரீட் சில ஆண்டுகள் இங்கே மருத்துவராக இருந்தார். 1886இல் ரயில் வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ராணுவக் குதிரைகளை வளர்க்கும் மையம், ஆயிரக்கணக்கில். 1935இல் ஒலிம்பிக் குதிரையேற்ற அணிகூட இங்கே பயிற்சி எடுத்தது. இரண்டாம் உலகப் போரில் போர் நாய்களுக்குப் பயிற்சி, ஜெர்மன் கைதிகளுக்கு முகாம். எதிரி நாட்டுக் கைதிகளுக்கு மூன்று வேளை சாப்பாடு ஒழுங்காகக் கிடைத்தது. இதைப் படித்தபோது எனக்கு அந்த ஜன்னல் உறைபனிதான் நினைவுக்கு வந்தது.

1948இல் ராணுவம் போய்விட்டது. இடம் வேளாண் துறையிடம் வந்தது. மாட்டிறைச்சி ஆராய்ச்சி நிலையம். அவர்களுக்குத் தேவைப்படாத கட்டடங்களை இடிக்கத் தொடங்கினார்கள். அரசு அலுவலகம் எந்த நாட்டிலும் அரசு அலுவலகம்தான். இங்கே ஊர்க்காரர்களும் மாநில வரலாற்றுச் சங்கமும் தலையிட்டார்கள். 1956இல் பழைய தலைமை அலுவலகக் கட்டடத்தில் அருங்காட்சியகம் திறந்தது. பூங்காத் துறை தங்கும் அறைகளை நடத்தத் தொடங்கியது. ஆராய்ச்சி நிலையம் 1971இல் மூடியதும் எல்லாம் பூங்காவின் கைக்கு வந்தது. இன்று பரப்பு 22,000 ஏக்கருக்கு மேல். விரிவாக்கத்துக்கு முந்தைய சென்னை மாநகராட்சியில் கிட்டத்தட்டப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தங்கியது 1909இல் கட்டிய சிப்பாய் விடுதியில். எதிரே 1887இல் கட்டிய அதிகாரிகள் வீடுகள், சுடாத செங்கல்லில். நம் கிராமங்களில் பச்சைக்கல் என்போமே, அதேதான். அதிலும் குடும்பங்கள் தங்குகின்றன. வராந்தாவில் ஊஞ்சல் நாற்காலி, குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், மாலையில் கோடை நாடகக் கொட்டகையில் கூட்டம். குதிரைச் சவாரி, காட்டெருமை மந்தை. பக்கத்துக் கட்டடத்தில், சண்டை போட்டுத் தந்தங்கள் சிக்கிக்கொண்டு அப்படியே செத்துப்போன இரண்டு ஆண் மாமத யானைகளின் எலும்புகள். என் பேத்திக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

இப்படிப்பட்ட இடத்தில் சைக்கிளும் ஐஸ்கிரீமும் சரியா? இதைத்தான் இங்கே முன்வைக்க நினைத்தேன். என் மனைவி, சரியில்லை என்றாள். மயானத்தில் பிக்னிக் போடுவது மாதிரி இருக்கிறது என்றாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் எனக்கு வேறு விதமாகப் பட்டது. அந்த 1950களில் விடுதியும் சவாரியும் வேண்டாம் என்று விட்டிருந்தால் அந்த வராந்தாக்கள் இன்று மாட்டுக் கொட்டகையாகவோ வெறும் புல்லாகவோ இருந்திருக்கும். ஆட்கள் வந்து தங்கி வாடகை கொடுப்பதால்தான் கூரை மாற்றுகிறார்கள். விளையாட வரும் குழந்தை மரக்கட்டைக் காவல்கூடத்துக்குள் போய், "இங்கே என்ன நடந்துச்சு?" என்று கேட்கிறது. என் பேத்தியும் கேட்டாள்.

எனக்கு உறுத்தியது வேறு. அங்கே பழையதாக நிற்பவை பெரும்பாலும் அதிகாரிகளும் சிப்பாய்களும் வாழ்ந்த பிற்காலக் கட்டடங்கள். கிரேசி ஹார்ஸ் குத்துப்பட்ட காவல்கூடமும் இறந்த அலுவலகமும் பழைய இடத்திலேயே மறுபடி கட்டியவை. ஷையான்களை அடைத்த கொட்டடி 1898இல் எரிந்துபோனது. அதையும் அகழ்வாய்வு செய்து அதே இடத்தில் புதிதாக எழுப்பியிருக்கிறார்கள். அதாவது, தோற்றவர்களின் கதைக்குச் சாட்சியான சுவர் எதுவும் அசல் இல்லை. நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள், பலகையில் எழுதியிருப்பதும் நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கையை வைத்துப் பார்த்தால் புது மரம்.

1934இல் வைத்த இரண்டு கல் நினைவுச் சின்னங்கள் உண்டு. ஒன்று லெப்டினன்ட் ராபின்சனுக்கு, மற்றது கிரேசி ஹார்ஸுக்கு. அந்தக் காலத்திலேயே இருவருக்கும் வைத்தது பெரிய விஷயம் என்று மாப்பிள்ளை சொன்னார். அதில் எனக்கும் மறுப்பில்லை. நிற்காமல் போனவர் ஒருவர், போகவே முடியாமல் போனவர் ஒருவர்.

ஷையான்கள் வேறு வகையில் வந்து சேர்ந்தார்கள். தப்பியோடி இறந்தவர்களில் சிலரின் மண்டையோடுகளை அன்று ஆராய்ச்சி என்ற பெயரில் கிழக்கே அருங்காட்சியகங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேல் அலமாரியில் கிடந்தன. பழங்குடியினரின் எச்சங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று 1990இல் சட்டம் வந்த பிறகு, 1993இல் அவை மாண்டானாவுக்குத் திரும்பின. பஸ்பி என்ற சிற்றூரில் முறைப்படி அடக்கம் செய்தார்கள். பூங்காவுக்கு அருகே சாலையோரம் அவர்களே ஒரு நினைவிடமும் எழுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் ஷையான் பிள்ளைகள் பேருந்தில் ஃபோர்ட் ராபின்சனுக்கு வருகிறார்கள். 9ஆம் தேதி இரவு அந்தக் கொட்டடியிலிருந்து ஓடத் தொடங்கி, மாற்றி மாற்றி, சுமார் 400 மைல் ஓடி வீடு போய்ச் சேருகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பனியில். அவர்களுக்கு அது பூங்கா இல்லை, கிளம்பும் இடம்.

போக விரும்புபவர்களுக்குச் சில தகவல்கள். டென்வரிலிருந்து ஐந்து மணி நேரக் கார்ப் பயணம்; ரஷ்மோர் மலைச் சிற்பங்களைப் பார்க்கப் போகிறவர்கள் வழியில் ஓர் இரவு தங்கலாம். பக்கத்து ஊர் கிராஃபோர்டு, மூன்று மைல். சைவச் சாப்பாடு கஷ்டம். புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். சில வீடுகளில் சமையலறை இருக்கிறது, குக்கர் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். கோடையில் அறை கிடைப்பது அரிது, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மறக்காமல் அந்த இரண்டு கல்லையும், காவல்கூடத்தையும், மைதானத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள கொட்டடியையும் பாருங்கள். ஜன்னல் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். மாரி சாண்டோஸ் எழுதிய 'ஷையான் ஆட்டம்' என்ற நூல் 1953இல் வந்தது. இந்த நடையின் கதை முழுக்க அதில் இருக்கிறது. ஜான் ஃபோர்டு அதைப் படமாகவும் எடுத்தார். படத்தைவிடப் புத்தகம் நல்லது.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்வி இருப்பவர்கள் பார்க்கிங் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், படங்கள் செல்போனில் இருக்கின்றன.